டெனோசுமாப், டெரிபாரடைட்: எலும்புப்புரைக்கு (எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய்) எந்த ஊசி?

வேலை: டெனோசுமாப், எலும்பை அரிக்கும் செல்களை உருவாக்கும் ராங்க்-எல் சமிக்ஞையை அடைக்கிறது. டெரிபாரடைட், ரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஹார்மோனின் ஒரு துண்டு. எலும்பு கட்டும் செல்களைத் தூண்டுகிறது. இதே ஹார்மோன் நாள் முழுக்க ரத்தத்தில் கூடுதலாக இருந்தால் எலும்பு கரையும். தினமும் ஒருமுறை வந்து போனால்தான் வளரும்.

சிரமம்: முன்னது 6 மாதத்துக்கு ஒன்று. பின்னது தினமும், ஃப்ரிட்ஜும் வேண்டும்.

நிறுத்தினால்: டெனோசுமாப் தவணையைத் தள்ளிப்போடவே கூடாது, அடங்கியிருந்த எலும்பு அரிப்பு வேகமாகத் திரும்பி முதுகெலும்பு முறியலாம். டெரிபாரடைட் வழக்கமாக 2 ஆண்டுதான். அப்புறம் கிடைத்த எலும்பைக் காக்க வேறு மருந்து வேண்டும்.

ஏற்கெனவே முதுகெலும்பு நொறுங்கியவர்களுக்கு முதலில் டெரிபாரடைட், பிறகு டெனோசுமாப் என்ற வரிசையே நல்லது என்பேன். தினமும் ஊசி போட முடியாதவர்களுக்கும், எலும்பில் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்ததால் டெரிபாரடைட்டைத் தவிர்க்க வேண்டியவர்களுக்கும் டெனோசுமாப். ஆனால் ரத்தத்தில் கால்சியம் குறைந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.