மட் ஹென்ஸா, ஐயோவா கப்ஸா?

அமெரிக்க மைனர் லீக் பேஸ்பாலில், அதாவது பெரிய லீக் அணிகளுக்கு வீரர்களைத் தயார்செய்யும் கீழ்நிலை லீக்குகளில், அணிக்குச் சொந்தப் பெயர் நல்லதா, மேலே இருக்கும் பெரிய அணியின் பெயரையே ஒட்டிக்கொள்வது நல்லதா?

டொலிடோ மட் ஹென்ஸைப் பாருங்கள். 1896இல் அவர்கள் ஆடிய மைதானத்துக்குப் பக்கத்திலேயே சதுப்பு நிலம், அதில் ‘மட் ஹென்’ (சேற்றுக்கோழி) என்கிற, நம்மூர் நாமக்கோழிக்குச் சொந்தக்காரப் பறவைகள் கூட்டம் கூட்டமாக மேயும், அதுவே அணியின் பெயராகிவிட்டது. 1965இல் ஊருக்கு மறுபடி அணி வந்தபிறகு யாங்கீஸ், டைகர்ஸ், ஃபில்லீஸ், கிளீவ்லாந்து, ட்வின்ஸ் என்று தாய் அணி (மேலே இருக்கும் அந்தப் பெரிய அணி) மாறிக்கொண்டே இருந்து, 1987இல் திரும்பவும் டெட்ராய்ட் டைகர்ஸிடமே போய்ச் சேர்ந்தது. தொப்பியில் கோழி மட்டும் அப்படியே!

ஐயோவா கப்ஸ் வேறு ரகம். 1969இல் ஐயோவா ஓக்ஸ் என்று தொடங்கி, 1981இல் பெரிய லீக் அணியான சிகாகோ கப்ஸோடு சேர்ந்து, அடுத்த வருடமே பெயரையும் மாற்றிக்கொண்டார்கள். கப்ஸ் ரசிகருக்கு விளக்கமே வேண்டாம், டிக்கெட் விற்க அது வசதிதான். ஆனால் உறவு முறிந்தால்? பெயர், ஜெர்சி, பலகை எல்லாம் புதிதாக வேண்டும். இதுவரை முறியவில்லை, சரி.

எனக்கென்னவோ கோழிதான்.