"பெட்டிதான் இல்ல சார், உள்ள எல்லாம் ஒரிஜினல்": லெகோ ஏடி-ஏடி தேடுபவர்கள் கவனத்துக்கு

குமிழ் வைத்த பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றோடொன்று மாட்டிக் கட்டுகிற பொம்மைதான் லெகோ. அதில் ஸ்டார் வார்ஸ் ஏடி-ஏடி, செட் எண் 75288. இப்போது கடைகளில் இது கிடைப்பதில்லை. அதைத் தேடி அலைபவர்களைக் குறிவைத்தே ஒரு வியாபாரம் நடக்கிறது. பெட்டி இல்லை, உள்ளே இருப்பது ஒரிஜினல் என்று சொல்லி, ஒரிஜினலுக்கு உண்டான விலையை வாங்கிக்கொண்டு டூப்ளிகேட்டை அனுப்பிவிடுகிறார்கள். நான் 14,500 ரூபாய் கொடுத்து வாங்கியது அப்படி வந்ததுதான். பணம் போடப் போகிற யாராவது ஒருவர் கண்ணில் பட்டாலும் போதும் என்று விவரமாக எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: 1980ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் பனி மூடிய கிரகத்தின் மேல் நான்கு கால்களில் நடந்து வருமே, அந்தப் பிரம்மாண்டமான போர் வாகனம்தான் ஏடி-ஏடி. லெகோ இதைப் பல முறை செட்டாக வெளியிட்டிருக்கிறது. முதலில் வந்தது 2003ல். 2007ல் வந்தது மோட்டார் வைத்து உண்மையாகவே நடந்தது. 2021ல் வந்தது 6,785 பீஸ் கொண்ட ராட்சசன். விலை நம் கைக்கு எட்டாது. இடையில் 2020ல் வந்ததுதான் 75288. 1,267 பீஸ், ஆறு மினிஃபிகர்கள் (சின்ன மனித பொம்மைகள்), அமெரிக்காவில் வெளியானபோது 160 டாலர். மோட்டார் கிடையாது, கால்களைக் கையால் திருப்பி, நடக்கிற நிலையில் நிறுத்த வேண்டும். உடம்பின் பக்கப் பலகைகளைத் திறந்தால் உள்ளே வீரர்கள் உட்கார இடம், தலைக்குள் ஓட்டுநர் அறை. என்னைக் கேட்டால் அளவும் விலையும் நிற்கிற அழகும் சரியாக அமைந்த ஏடி-ஏடி இதுதான். என் மகனும் நானும் ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்தோம்.

சமூக வலைத்தளத்தில் பொம்மை விற்கும் ஒரு பக்கம் இதைப் போட்டிருந்தது. பெயரைச் சொல்லப் போவதில்லை, புகார் நிலுவையில் இருக்கிறது. பணம் போடுவதற்கு முன் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். கட்டைகளின் மேல் குமிழ்களைக் கிட்டத்தில் வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். ஒரிஜினலில் இருப்பதுபோலவே ஒவ்வொரு குமிழிலும் லெகோ என்ற எழுத்து தெளிவாக இருந்தது. பெட்டி ஏன் இல்லை என்று கேட்டதற்கு வாய்ஸ் மெசேஜ் வந்தது: "சார், வெளிநாட்டுல இருந்து கொண்டு வர்றப்ப பெட்டி இடத்த அடைக்கும், அதான் பிரிச்சு பேக் பண்றோம். கவர் எல்லாம் சீல் பிரிக்காம இருக்கும். பெட்டி வேணும்னா ரெண்டாயிரம் எக்ஸ்ட்ரா ஆகும்." பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுச் செட்டை மட்டும் கொண்டுவருகிறவர்கள் நிஜமாகவே உண்டு. அதனால்தான் இந்தப் பொய் எடுபடுகிறது. வீடியோவில் இருந்தது வேறு செட், எனக்கு வந்தது வேறு.

பார்சலில் கண்ணாடிபோலத் தெளிவான பிளாஸ்டிக் கவர்கள். ஒரு கவரிலும் அச்சு இல்லை. எண்கள் எழுதிய சின்ன வட்ட ஸ்டிக்கர்கள் மட்டும் ஒட்டியிருந்தன. உடனே போட்டோ எடுத்துக் கேட்டேன். "புது பேக்கிங் சார், கம்பெனி கவர மாத்திட்டாங்க" என்றார். இந்தப் பதிலிலும் பாதி உண்மை. பிளாஸ்டிக் கவரைக் கைவிட்டுக் காகிதத்துக்கு மாறப்போவதாக லெகோ 2020ல் அறிவித்தது நிஜம். ஆனால் மாறியது காகிதத்துக்கு, அச்சில்லாத பிளாஸ்டிக்குக்கு அல்ல. செய்முறைப் புத்தகத்தின் அட்டையில் அதே ஏடி-ஏடி படம். மேல் மூலையில் லோகோ இருக்க வேண்டிய இடத்தில் பின்னணிப் பனியையே இழுத்துப் பூசியிருந்தார்கள். எண்ணும் வேறு.

கட்டைகளைக் கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. குமிழ்கள் மொட்டையாக இருந்தன, எழுத்து இல்லை. பீம்கள் எனப்படும், துளைகள் உள்ள நீண்ட கட்டைகளின் ஓரத்தில், வார்ப்பு அச்சிலிருந்து பிய்த்தெடுத்த இடத்தில் கூர்மையான பிசிறு. விரலை ஓட்டினால் கீறுகிறது. ஒரே சாம்பல் நிறமாக இருக்க வேண்டிய பக்கப் பலகையில் மூன்று வகைச் சாம்பல். ஓட்டுநர்களில் ஒருவரின் ஹெல்மெட்டில் அச்சு இடம் விலகி ஒரு கண்ணின் மேல் ஏறியிருந்தது. இதையெல்லாம் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டுதான் மேலே கட்டினேன், குறை என்னவென்று முழுதாக ஆதாரத்தோடு காட்ட வேண்டும் என்பதற்காக.

டூப்ளிகேட்டைக் கொண்டு ஒரு வீடு கட்டினால் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். தரையில் அகலமாக உட்கார்ந்திருப்பதால் எடை எங்கும் குவிவதில்லை. கார் என்றாலும் சமாளித்துவிடலாம். நடக்கும் வாகனத்தில் அது முடியாது. ஏடி-ஏடியின் உடம்பும் தலையும் மேலே, கனமெல்லாம் அங்கே. தாங்குவது நான்கு மெல்லிய கால்கள். அந்தக் கால்களின் உள்ளே லெகோவின் டெக்னிக் வகைப் பீம்கள், அவற்றைப் பிணைக்கிற பின்கள், வெளியே மூடுகிற தட்டுகள். மூட்டில் இருக்கிற இறுக்கம்தான் மொத்தச் செட்டையும் நிற்க வைக்கிறது. லெகோ தன் கட்டைகளை வார்க்கிற அச்சுகளின் துல்லியம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கு என்று சொல்வதன் அர்த்தம் இப்படிப்பட்ட செட்டில்தான் விளங்கும். ஒரு பின்னில் இம்மியளவு தளர்வு இருந்தால் போதும். ஒவ்வொரு மூட்டிலும் அது சேர்ந்து சேர்ந்து கால் முழுக்க ஆட்டமாகிவிடும்.

எனக்கு வந்த பின்கள் இரண்டு ரகம். சில உள்ளே போகவே மறுத்தன. கட்டைவிரல் சிவந்து வீங்குகிற அளவுக்கு அழுத்த வேண்டியிருந்தது. சில, துளையில் வைத்துவிட்டுக் கவிழ்த்தால் தானாகவே விழுந்தன. ஒரு முட்டியில் இறுக்கம், அடுத்த முட்டியில் தளர்ச்சி. நான்கு கால்களையும் மாட்டி உடம்பை ஏற்றி நிறுத்தியபோது, அப்போதுதான் பிறந்த கன்றுக்குட்டி எழுந்து நிற்கத் திணறுவதுபோல நின்றது. முன்னங்காலில் ஒன்று மெல்ல மடங்க ஆரம்பித்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழுத்து மூட்டு தாங்காமல் தலை கீழே தொங்கியது. மகன் இரண்டு கையாலும் உடம்பைப் பிடித்துக்கொண்டான். அவன் கையை எடுத்ததும் அது பக்கவாட்டில் சாய்ந்தது. மேல்தட்டுகள் தெறித்து மேசைக்கு அடியில் போய் விழுந்தன. சரியாகக் கட்டினோமா என்று புத்தகத்தைப் பக்கம் பக்கமாகத் திருப்பிச் சரிபார்த்தோம். கட்டியது சரிதான். கட்டைகள்தான் தாங்கவில்லை.

விற்றவரைக் கூப்பிட்டேன். முதலில் "ஒரிஜினல்தான் சார், நீங்க மாட்டுனது தப்பா இருக்கும்" என்றார். மொட்டைக் குமிழின் போட்டோவை அனுப்பியதும் பேச்சு மாறியது. "ஃபர்ஸ்ட் காப்பி சார், குவாலிட்டி அதேதான், எல்லாரும் இதத்தான் வாங்குறாங்க." வாங்கும்போது ஒரிஜினல் என்றீர்களே என்றேன். "ஓப்பன் பண்ணிட்டீங்க, இனி ரிட்டர்ன் எடுக்க முடியாது." பிரிக்காமல் எப்படித் தெரியும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பிறகு 3,000 ரூபாய் திருப்பித் தருவதாகவும், பக்கத்தில் நான் போட்ட கமென்ட்டை எடுத்துவிட வேண்டும் என்றும் மெசேஜ் வந்தது. மாட்டேன் என்றேன். பிளாக் செய்துவிட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லெகோவோடு பொருந்துகிற கட்டைகளை வேறு நிறுவனம் தயாரிப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கட்டைக்கு 1958ல் விண்ணப்பித்த காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. சொந்தப் பெயரில், சொந்த வடிவமைப்பில் குறைந்த விலைக்கு விற்கிறவர்கள் உண்டு, அது நேர்மையான வியாபாரம். ஒருவர் வடிவமைத்த செட்டையும் புத்தகத்தையும் அப்படியே நகலெடுத்து விற்பது வேறு. சீனாவில் லெபின் என்ற பெயரில் அப்படித்தான் நடந்தது. 2019 ஏப்ரலில் ஷாங்காய் போலீஸ் உள்ளே புகுந்து பிடித்தது. 2020ல் முக்கியக் குற்றவாளிக்கு ஆறு ஆண்டு சிறையும் 9 கோடி யுவான் அபராதமும் விதித்தது நீதிமன்றம். அந்த நகலை ஒரிஜினல் என்று சொல்லி ஒரிஜினல் விலைக்கே தலையில் கட்டுவது அதைவிட மோசமான மோசடி. மூன்றில் ஒரு பங்கு விலைக்கு டூப்ளிகேட் என்று சொல்லியே விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே வாங்குபவருக்கு என்ன வாங்குகிறோம் என்பதாவது தெரியும்.

நம் ஊரில் இவர்களுக்கு ஏன் இவ்வளவு இடம் கிடைக்கிறது என்றால், விலைதான். பொம்மைக்கான இறக்குமதி வரி 2020ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023ல் 70 ஆனது. வெளிநாட்டு விலையைப் பார்த்துவிட்டு இங்கே விலையைப் பார்த்தால் வயிறு எரியும். அந்த வயிற்றெரிச்சலைத்தான் "ஃபாரின்ல இருந்து நேரா கொண்டு வர்றோம்" என்று காசாக்குகிறார்கள்.

பெட்டியைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள், வெறும் அட்டைதானே என்று விடாதீர்கள். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கிற பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், வெளிநாட்டுப் பொம்மைக்கும் சேர்த்தே. முத்திரையோடு சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் யாருக்குக் கொடுத்த உரிமம் என்று காட்டிவிடும். இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை எல்லாம் அந்தப் பெட்டியில்தான் அச்சாகியிருக்கும். பெட்டி இல்லை என்றால் இது எதையுமே சரிபார்க்க முடியாது. வீடியோ கேட்பதாக இருந்தால் உங்கள் பெயரையும் அன்றைய தேதியையும் ஒரு தாளில் எழுதி, உங்களுக்கு அனுப்பப்போகிற கவர்களின் பக்கத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். ஜிஎஸ்டி எண் உள்ள பில் தருவார்களா என்று கேளுங்கள். எனக்கு வந்த 'பில்'லில் அந்த எண் இல்லை. யூபிஐ பணம் போனதும் கடையின் பெயருக்கு அல்ல, ஒரு தனிநபர் பெயருக்கு.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் கூரியர் கவரைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அனுப்பியவர் பெயரும் போன் எண்ணும் அதில்தான் இருக்கும், பல சமயம் நம் கையில் மிஞ்சுகிற ஒரே முகவரி அதுதான். பணம் போனதும் எவ்வளவு சீக்கிரம் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அழைக்கிறோமோ அவ்வளவு நல்லது. நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நாம் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம், விற்றவர் ஊருக்கு ஓட வேண்டியதில்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். நான் செய்துவிட்டேன். வாய்ஸ் மெசேஜ், வீடியோ, மொட்டைக் குமிழ் போட்டோக்கள், கூரியர் கவர் எல்லாம் இணைத்திருக்கிறேன்.

அந்தப் பக்கம் இப்போது வேறு பெயரில் இயங்குகிறது. படங்கள் மட்டும் பழையவைதான்: நீலப்பூ போட்ட மேசை விரிப்பு, அதன் மேல் ஏடி-ஏடி, பின்னால் பாதி தெரிகிற பச்சைக் கதவு. விலை 13,999 என்று போட்டிருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்தால் பணம் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டவர்கள் கூரியர் கவரில் உள்ள அனுப்புநர் விவரத்தோடு நீங்களும் புகார் கொடுங்கள். ஒரே ஆள்மீது நாலைந்து புகார் சேர்ந்தால் விசாரணைக்கு வலு கூடும்.