ரஸ்ட்: சுவருக்கும் மென்பக்கம் உண்டு

கேத்தியில் எங்கள் கேரட் தோட்டத்துக்குக் காட்டெருமை வரும். கம்பி வேலியை ஒரே முட்டில் சாய்த்துவிட்டுப் போகும். அதனாலோ என்னவோ, ஒருவர் கட்டிய வீட்டை மற்றவர் உடைத்துக் கொள்ளையடிக்கும் ரஸ்ட் என்ற ஆன்லைன் விளையாட்டில் எனக்குச் சண்டையைவிடச் சுவர் கட்டுவதில்தான் ருசி.

மரச்சுவருக்கு ஹெல்த், அதாவது அடி தாங்கும் அளவு, 250, கல்லுக்கு 500, தகரத்துக்கு 1000, கவசச் சுவருக்கு 2000. கல்லை உடைக்க இரண்டு சி4 வெடிகுண்டு போதும். தகரத்துக்கு நான்கு, கவசத்துக்கு எட்டு. தகர்க்க வருபவனுக்கும் செலவு ஏறுகிறதே, அது நியாயம்.

ஆனால் சுவருக்கு ஒரு மென்பக்கம், அதாவது எளிதில் உடையும் பக்கம், உண்டு. அது வெளியே பார்த்தபடி இருந்தால் கல் சுவரைக்கூடப் பிக்காசாலேயே பெயர்த்துவிடலாம். முதல் வாரம் நான் அப்படித்தான் கட்டிவைத்தேன். ராத்திரி மழையில் கரண்ட் போனது. காலையில் வந்து பார்த்தால் பெட்டியெல்லாம் காலி! தப்பு என்னுடையதுதான், சரி.

அப்புறம் பராமரிப்பு. டூல் கப்போர்டு என்ற வீட்டுப் பெட்டியில் கல்லும் மரமும் போட்டுவைக்காவிட்டால் சுவர் தானாகவே அரித்துப்போகும். பெரிய கோட்டை கட்டினால் தாதுப்பாறை தேடியே பொழுது போய்விடும். வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு அறையோடு கல்லில் கட்டிக்கொள்ளுங்கள். கதவை மட்டும் தகரத்தில் போடுங்கள், மரக்கதவு தீக்குத் தாங்காது.