என் குரல் எனக்கே கேட்காத ஹெட்செட்: மூன்று வருடப் பாவனைக்குப் பின்

மட்டக்களப்பில் இருக்கும் என் மச்சாள் போன வாரம் ஒரு படத்தை அனுப்பி, "விலை பாதியாகிவிட்டது, வாங்கட்டுமா?" என்று கேட்டாள். 2022 ஆகஸ்டில் அண்ணன் கனடாவிலிருந்து வந்தபோது எனக்குக் கொண்டுவந்து தந்த அதே ஹெட்செட். பற்றரி எவ்வளவு நேரம் நிற்கும், எடை எத்தனை கிராம் என்பதெல்லாம் பெட்டியிலேயே இருக்கிறது. பெட்டியில் இல்லாத ஒன்றைத்தான் அவளுக்குச் சொல்ல வேண்டும்.

திருகோணமலைத் திருக்கடலூரில் வீட்டிலிருந்தபடி மெல்பேர்ணில் உள்ள சிறு வியாபாரங்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். அங்கே காலை ஒன்பது மணி என்றால் இங்கே விடியற்காலை நாலரை. ஒக்டோபர் முதல் ஞாயிறு அவர்கள் மணிக்கூட்டை முன்தள்ளியதும் அது மூன்றரையாகிவிடும். ஏப்ரல் வரும்வரை அப்படித்தான். காலாண்டு வரிப் படிவங்களுக்கான ஒக்டோபர் 28, பெப்ரவரி 28 ஆகிய இரண்டு கெடுவும் இந்த மூன்றரை மணிக் காலத்தில்தான் வரும். வீடும் ஒழுங்கையும் ஆழ்ந்த நித்திரையில் இருக்கும்போது நான் வாய் திறந்து கதைக்க வேண்டும்.

அதன் நல்ல குணத்தை மறைக்க மாட்டேன். அந்த 2022இல், மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணி நேரம் வரை போனது. ஹெட்செட் வந்து சேர்ந்தபோது அது குறைந்திருந்தாலும், பக்கத்து வளவின் ஜெனரேட்டர் ஓயவில்லை. இதைக் காதில் வைத்தால் அந்த உறுமல் அப்படியே அடங்கிவிடும். மின்விசிறியின் இரைச்சலும், ஆனி ஆடியில் கச்சான் காற்று கூரைத் தகரத்தை உலுப்பும் சத்தமும் அப்படித்தான். ஒரே சீராக வரும் தாழ்ந்த ஒலிகளை இது விழுங்கிவிடும். காகமும் பாண் ஓட்டோவின் மெட்டும் மட்டும் தப்பி உள்ளே வரும். மைக் தண்டை மேலே தூக்கினால் குரல் நின்றுவிடும் என்பது இன்னொரு நிம்மதி. அம்மா தேநீரோடு வந்தால் ஒரு விரல் போதும்.

கோபம் வேறு இடத்தில். இதைப் போட்டுக்கொண்டு கதைத்தால் என் குரல் எனக்குக் கேட்காது. தலைக்குள் மட்டும் தண்ணீருக்கடியில் கதைப்பதுபோல் ஒரு முழக்கம். பழைய வீட்டுத் தொலைபேசியில் நாம் கதைப்பதில் கொஞ்சம் நம் காதுக்கே திரும்பி வரும்; அதற்குச் சைட்டோன் என்று பெயர். அதை வைத்துத்தான் நாம் குரலை அளக்கிறோம். சத்தத்துக்குள் நின்றால் மனிதர்கள் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார்கள் என்று லொம்பார்ட் என்ற பிரெஞ்சுக் காது வைத்தியர் 1911இலேயே எழுதிவிட்டார். தன் குரல் காதுக்கு வராதவருக்கும் அதுதான் நடக்கிறது. இவ்வளவு பழைய அறிவை இந்த விலைக்கு விற்கும் பொருளில் ஏன் விட்டுவிட்டார்கள்? இந்த மாடலில் அந்த வசதியே இல்லை. கணினியின் ஒலி அமைப்பில் மைக்கை நானே கேட்கும்படி மாற்றிப் பார்த்தேன். புளூடூத் வழியாக என் சொல் ஒரு கணம் பிந்தி வந்தது. இரண்டாவது வாக்கியத்திலேயே நாக்குத் தடுமாறியது.

அம்மா பல நாள் சொல்லியிருந்தார்: "ஏன் பிள்ளை இப்படிக் கத்துகிறாய்? அப்பா எழும்பப் போகிறார்." நான் பெரிதாக எடுக்கவில்லை. ஒரு பெப்ரவரியில் படலையடியில் மீன்காரரிடம் நின்றபோது, பின் வீட்டு ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை அக்கறையோடு கேட்டார்: "யாருக்குப் பிள்ளை பதினெட்டாயிரம் டொலர் கடன்? உங்களுக்கு ஏதும் பிரச்சினையா?" கையிலிருந்த சூடைமீன் பை நழுவிவிட்டது. அது என் வாடிக்கையாளர் ஒருவரின் கணக்கு. அவர் தன் மனைவியிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார். நான் அதை யன்னல் வழியாக ஒழுங்கைக்கே வாசித்திருக்கிறேன்.

வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு நல்ல சட்டை, பின்னால் வெள்ளைச் சுவர், நேரத்துக்கு இணைவது என்று ஆயிரம் புத்தி சொல்கிறார்கள். நம்பித் தந்த கணக்கைக் காப்பதுதான் என் தொழிலின் முதல் மரியாதை. அதில் நான் தவறினேன். அன்றே மேலாளருக்கு நடந்ததை எழுதினேன். அந்த யன்னலுக்குத் தடித்த சீலை போட்டேன். இடது காதை வெளியே விட்டுக் கதைக்கப் பழகினேன். இரைச்சல் நீக்கும் பொருளை வைத்துக்கொண்டு ஒரு காதைத் திறந்து வைப்பது எவ்வளவு அநியாயம்!

காது மெத்தைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் கடற்கரை வெக்கையும் வியர்வையும் அந்தப் போலித் தோலை ஒன்றரை வருடத்தில் உரித்துவிட்டன. கறுப்புச் செதில்கள் கன்னத்தில் ஒட்டியிருக்க, ஒரு முழுக் கூட்டத்தில் முகம் காட்டியிருக்கிறேன். பிளாஸ்டர் சுற்றிச் சமாளித்தேன். போன மாதம்தான் கொழும்பிலிருந்து துணி மெத்தை எடுத்துத் தம்பி மாட்டித் தந்தான். இரைச்சல் கொஞ்சம் உள்ளே கசிகிறது. மின்விசிறி மெல்லக் கேட்கிறது. ஆனால் கூடவே என் குரலும் வருகிறது! முதல் நாள் "குட் மோர்னிங்" சொன்னதும் திடுக்கிட்டு நிறுத்திவிட்டேன், அவ்வளவு தெளிவு. அந்தக் கிழமை அம்மா ஒருநாள்கூட எழும்பி வரவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், மச்சாள், நீ இதை வாங்காதே. மூன்று வருடம் என்னைக் கத்த வைத்த பொருளை, பாதி விலை என்றாலும், உன் தலையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. வாங்கும் எதிலும் சைட்டோன் இருக்கிறதா என்று முதலில் கேள். நீ ஏற்கெனவே பணம் கட்டிவிட்டாய் என்றால், துணி மெத்தையையும் சேர்த்து எடு. வந்த அன்று உன் அம்மாவை அடுத்த அறையில் இருத்தி, கதவைச் சாத்திவிட்டுப் பத்து நிமிடம் கதைத்துப் பார்.