புதுத் தட்டில் பழைய படம்: எதை நம்பி வாங்கலாம்?

பழைய படம் ஒன்று புதுப் பிரதியாக வருகிறது என்றால், படம் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்று கேட்பவர்கள்தான் அதிகம். எனக்கு முதலில் தெரிய வேண்டியது, எதை எடுத்துவிட்டார்கள் என்பது. இந்தச் சந்தேகப் புத்தி விசிடி காலத்தில் ஒட்டிக்கொண்டது. தியேட்டரில் பார்த்துப் பிடித்துப்போன ஒரு தமிழ்ப் படத்தை இரண்டு தட்டுகளாக வாங்கிவந்து போட்டால், இரண்டு பாட்டுகளைக் காணோம். கடையில் போய்ச் சொன்னபோது, "கதை புரியுதுல்ல சார், அப்புறம் என்ன?" என்றார் கடைக்காரர்.

ஹாலிவுட்டில் இதே வேலை நாசூக்காக நடக்கிறது. கத்தரிக்கோலுக்குப் பதில் கணினி. கோட்டைவிட்ட காட்சியைச் சரிசெய்கிறோம், காலத்துக்கு ஏற்ப மாற்றுகிறோம், குழந்தைகள் பார்ப்பார்களே என்று ஆளுக்கொரு காரணம். யார் எதற்காக மாற்றினார்கள் என்பதைவிட, வாங்குகிற நமக்கு இரண்டு கேள்விகள்தான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. மாற்றியதைச் சொன்னார்களா? மாற்றாத பிரதியும் ஒழுங்கான தரத்தில் கிடைக்கிறதா? இந்த இரண்டையும் வைத்து நான்கு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம்.

முதலில் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' 1982-ல் வந்த படம். இருபதாம் ஆண்டையொட்டி 2002-ல் மறுபடி தியேட்டருக்கு வந்தபோது, சைக்கிளில் தப்பிக்கும் பையன்களை மறிக்கிற அரசு ஆட்களின் கையிலிருந்த துப்பாக்கிகள் மறைந்து வாக்கி டாக்கிகள் முளைத்திருந்தன. ஹாலோவீன் வேடம் பற்றி அம்மா பேசும் வசனத்தில் வந்த 'தீவிரவாதி' என்ற சொல் 'ஹிப்பி' ஆனது. 2001 செப்டம்பருக்குப் பிறகு வந்த வெளியீடு என்பதால் அந்தச் சொல்லைப் பற்றிய பதற்றம் புரிகிறது. துப்பாக்கி விஷயம் புரியவில்லை. ஆட்கள் உடம்பை விறைப்பாக வைத்துக் குறிபார்க்கிற மாதிரியே நிற்கிறார்கள், கையில் மட்டும் ரேடியோ. என் அக்கா மகன் இதைப் பார்த்துவிட்டு, "மாமா, அவங்க பசங்களுக்குப் பாட்டு போட்டுக் காட்டப் போறாங்களா?" என்று கேட்டான்.

ஆனால் ஸ்பீல்பெர்க் ஒரு நல்ல காரியம் செய்தார். அதே ஆண்டு அக்டோபரில் வந்த டிவிடி பெட்டியில் 1982 பிரதியும் 2002 பிரதியும் சேர்ந்தே இருந்தன. இரண்டும் இருக்க வேண்டும் என்று அவரே வற்புறுத்தினார். பத்து ஆண்டுகள் கழித்து 2012-ல் ப்ளூரே வந்தபோது அதில் 1982 பிரதி மட்டும்தான். துப்பாக்கிகள் திரும்பி வந்துவிட்டன. படத்தில் கைவைத்திருக்கக் கூடாது என்று பின்னால் அவர் வெளிப்படையாகவே சொன்னார். ஆக, இன்றைக்கு 'ஈ.டி.' வாங்குகிறவருக்குக் கவலையே இல்லை. ப்ளூரே எடுத்தால் போதும். வாக்கி டாக்கி பதிப்பை ஒரு வேடிக்கைக்காக வைத்திருக்க ஆசைப்பட்டால்தான் 2002 டிவிடியைத் தேட வேண்டும். நான் தேடி வாங்கினேன், அது வேறு விஷயம்.

அவருடைய நண்பர் ஜார்ஜ் லூகாஸ் போன பாதை நேர் எதிர். 'ஈ.டி.' துப்பாக்கிகளை அழித்ததும் லூகாஸ் தொடங்கிய ஐ.எல்.எம். என்ற கிராஃபிக்ஸ் நிறுவனம்தான் என்பது ஒரு சுவையான இடைச்செருகல். 1977-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ஒரு மதுக்கடைக் காட்சி. கூலிக்கு ஆள் பிடிக்கிற கிரீடோ எதிரே உட்கார்ந்து மிரட்ட, ஹாரிசன் ஃபோர்டு நடித்த ஹான் சோலோ மேசைக்கு அடியிலிருந்து சுட்டுவிட்டு எழுந்து போவார். ஒரே ஒரு சூடுதான். இந்த ஆள் எப்படிப்பட்டவன் என்று அந்த ஒரு நொடியில் தெரிந்துவிடும். 1997 சிறப்புப் பதிப்பில் கிரீடோ முதலில் சுடுகிறான். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவனைக் குறி தவறுகிறான்! 2004 டிவிடியில் இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சுடுகிறார்கள். 2019-ல் டிஸ்னி பிளஸ் தளத்தில் வந்த பிரதியில், சுடுவதற்கு முன் கிரீடோ 'மக்லங்கி' என்று புதிதாக ஒரு சொல் வேறு சொல்கிறான். நாற்பது ஆண்டுகளாக ஒரு மேசையை விட்டு எழ முடியாத காட்சி.

இதோடு நிற்கவில்லை. 1983-ல் வந்த மூன்றாவது படத்தின் முடிவில், முகமூடி வில்லன் டார்த் வேடரின் ஆவியாகத் தோன்றிய நடிகர் செபாஸ்டியன் ஷா 2004 டிவிடியில் இல்லை; அவர் இடத்தில் இளம் நடிகர் ஹேடன் கிறிஸ்டென்சன் நின்று சிரிக்கிறார். ஷா 1994-லேயே காலமாகிவிட்டார். 2011 ப்ளூரேயில், பேசாமலே மகனைக் காப்பாற்றிய டார்த் வேடருக்கு "நோ" என்று கத்தும் வசனம் சேர்ந்தது. எனக்கு எல்லாவற்றையும்விட இதுதான் எரிச்சல். முகமூடிக்குள் என்ன ஓடுகிறது என்று நாமே ஊகித்த இடம் அது.

தன் படம், தன் இஷ்டம் என்பது லூகாஸ் தரப்பு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் 1988-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால், கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் பூசுவதை எதிர்த்துச் சாட்சி சொன்னவரும் இவரேதான். கலைப்படைப்பை லாபத்துக்காகத் திரிப்பவர்களைக் காட்டுமிராண்டிகள் என்றே அங்கே சொன்னார். சரி, திருத்துகிறவர் படைப்பாளியே என்றால் திருத்தட்டும். பழைய பிரதியை ஏன் பூட்ட வேண்டும்? 2006-ல் டிவிடியோடு இணைப்புத் தட்டாக முதல் பிரதி வந்தது. அதுவும் 1993 லேசர்டிஸ்க்குக்காகத் தயாரித்த பழைய டேப்பிலிருந்து எடுத்தது. அகலத் திரைக்கு ஏற்றபடி மாற்றவில்லை. இன்றைய டிவியில் போட்டால் நாலு பக்கமும் கறுப்பு, நடுவில் தபால்தலை அளவுக்குப் படம். கேட்டீர்கள் அல்லவா, இந்தாருங்கள் என்று எறிந்த மாதிரி இருந்தது. வெறுத்துப்போன ரசிகர்கள் பழைய தியேட்டர் பிரதிகளைத் தேடிப் பிடித்து, தாங்களே ஸ்கேன் செய்யத் தொடங்கினார்கள்.

ரிட்லி ஸ்காட்டின் 'பிளேட் ரன்னர்' கதைக்கு வந்தால் மூச்சு விடலாம். 1982-ல் வந்தபோது ஸ்டூடியோ திணித்த பின்னணி விளக்கக் குரலும் சுபமான முடிவும் அதில் இருந்தன. அமெரிக்காவுக்கு வெளியே ஓடிய பிரதியில் வன்முறை கொஞ்சம் கூடுதல். 1992-ல் இயக்குநர் பதிப்பு என்று ஒன்று, 2007-ல் இறுதிப் பதிப்பு என்று ஒன்று. 2007 டிசம்பரில் வந்த ஐந்து தட்டுப் பெட்டியில் இவை நான்கும், அதோடு வெளியீட்டுக்கு முன் சோதனைக்குப் போட்டுக்காட்டிய பிரதியும் சேர்த்து ஐந்தையும் வைத்துவிட்டார்கள். பெட்டியை வாங்கியவர் எது தன் படம் என்று தானே முடிவு செய்துகொள்ளலாம்.

அதற்காக இறுதிப் பதிப்பில் கை படவில்லை என்று நினைக்க வேண்டாம். கண்ணாடிகளை உடைத்துக்கொண்டு ஓடும் காட்சியில் சண்டைக் கலைஞரின் முகம் அப்பட்டமாகத் தெரியும். அதன் மேல் நடிகை ஜோவன்னா கேசிடியின் முகத்தை ஒட்டியிருக்கிறார்கள். கடைசியில் புறா பறக்கிற வானம் பளிச்சென்ற நீலத்திலிருந்து மழை இருட்டுக்கு மாறியிருக்கிறது. செயற்கை மனிதன் ராய், தன்னைப் படைத்தவரிடம் ஆயுள் கேட்கும் வசனத்தில் கெட்ட வார்த்தை போய் 'தந்தையே' வந்திருக்கிறது. முதல் இரண்டும் பிழைதிருத்தம். மூன்றாவதை இன்னொரு படத்தில் செய்திருந்தால் சென்சார் என்று கொதித்திருப்பேன். இங்கே கொதிக்கவில்லை, ஏனென்றால் பழைய வசனம் அதே பெட்டியில் அடுத்த தட்டில் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: இறுதிப் பதிப்பு மட்டும் தனித்தட்டாகவும் விற்றார்கள். வாங்குமுன் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

நான்காவது, எனக்கு உண்மையிலேயே பயம் தருவது: வில்லியம் ஃப்ரீட்கின் 1971-ல் எடுத்த 'த பிரெஞ்சு கனெக்‌ஷன்'. சிறந்த படம் உட்பட ஐந்து ஆஸ்கர் வாங்கியது. இதன் முதல் ப்ளூரே 2009-ல் வந்தபோது படம் வெளிறிப்போய், வண்ணங்கள் வழிந்த மாதிரி இருந்தது. செய்தவர் ஃப்ரீட்கினே. ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மன் கொதித்துப்போய்க் கண்டித்தார். 2012-ல் பழைய நிறத்துக்கு நெருக்கமாக மறுபடி ஒரு ப்ளூரே வந்து சண்டை தீர்ந்தது. இதெல்லாம் வெளிச்சத்தில் நடந்த சண்டை. 2009 தட்டிலேயே, எப்படிச் செய்தேன் என்று ஃப்ரீட்கின் விளக்கிக்கொண்டிருப்பார்.

2023-ல் நடந்தது அப்படி இல்லை. கிரைட்டீரியன் சேனல் ஸ்ட்ரீமிங் தளத்தில் படம் பார்த்தவர்கள், காவல் நிலையக் காட்சியில் ஏதோ துள்ளுகிறதே என்று கவனித்தார்கள். ஜீன் ஹாக்மன் நடித்த டாயில், கறுப்பினத்தவரைக் குறித்து மிகக் கேவலமான சொல்லைச் சொல்லும் சில விநாடிகள் காணாமல் போயிருந்தன. முன்னறிவிப்பு கிடையாது, ஒரு வரிக் குறிப்புகூட இல்லை. படத்தின் உரிமை அப்போது ஃபாக்ஸை வாங்கிய டிஸ்னியிடம் இருந்தது. தங்களுக்கு வந்த பிரதியே இதுதான் என்றது கிரைட்டீரியன். டாயில் ஓர் இனவெறியன், அதே சமயம் கெட்டிக்காரப் போலீஸ். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருப்பதுதான் படத்தின் கசப்பு. அந்தச் சொல்லை எடுத்தால் படம் நாகரிகமாகிவிடாது, டாயில்தான் நல்லவனாகிவிடுகிறான். அலமாரியில் 2012 தட்டு வைத்திருந்தவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

இங்கே இன்னொரு பழைய கதை ஞாபகம் வருகிறது. 1999 ஜனவரியில் 'த ரெஸ்க்யூயர்ஸ்' கார்ட்டூனின் வீடியோ கேசட்டில், ஜன்னல் ஒன்றில் நிர்வாணப் பெண் படம் இரண்டே ஃபிரேமில் வந்துபோகிறது என்று தெரிந்து, சுமார் 34 லட்சம் கேசட்டுகளைத் திரும்பப் பெறுவதாக டிஸ்னி அறிவித்தது. அது ஊரறிய நடந்தது. கேசட்டைக் கொடுக்க மனமில்லாதவர் கொடுக்காமலே இருக்கலாம். இன்றைக்கு அந்தச் சிரமமே கிடையாது, சர்வரில் ஒரு கோப்பை மாற்றினால் முடிந்தது. 1984-ல் வந்த 'ஸ்பிளாஷ்' 2020-ல் டிஸ்னி பிளஸில் ஏறியபோது, டேரில் ஹன்னாவின் பின்புறத்தைக் கணினி முடி வைத்து மூடியிருந்தார்கள். முடி என்றா சொன்னேன், பாசி மாதிரி இருந்தது.

கார்ட்டூன்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். டிஸ்னியின் 1946 'மேக் மைன் மியூசிக்' 2000-ல் அமெரிக்காவில் வந்தபோது, இரண்டு குடும்பங்கள் சுட்டுக்கொள்ளும் ஒரு பகுதி முழுக்கப் போயிற்று. வார்னர் இதில் ஒரு நல்ல வழியும் ஒரு கெட்ட வழியும் காட்டியது. 'லூனி டியூன்ஸ்' கோல்டன் கலெக்‌ஷன் மூன்றாம் தொகுப்பில் நடிகை ஹூப்பி கோல்ட்பெர்க் தோன்றி, இவற்றில் சில அந்தக் காலத்து இனவெறியோடு இருக்கும், அப்போதும் தப்பு, இப்போதும் தப்பு, ஆனால் மறைத்தால் நடக்கவே இல்லை என்றாகிவிடும் என்ற பொருளில் பேசுவார். பிறகு படம் வெட்டில்லாமல் ஓடும். அதே நிறுவனம் 2013-ல் 'டாம் அண்ட் ஜெர்ரி' கோல்டன் கலெக்‌ஷன் இரண்டாம் தொகுப்பில், டாம் அல்லது ஜெர்ரியின் முகத்தில் கரி பூசிக் கறுப்பினத்தவரை ஏளனம் செய்யும் 'மவுஸ் கிளீனிங்', 'கேசனோவா கேட்' இரண்டையும் விட்டுவிடப் பார்த்தது. ரசிகர்கள் எதிர்த்தார்கள். தொகுப்பையே ரத்து செய்துவிட்டார்கள்.

பயப்பட வேண்டாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நம் ஊர், பிரிட்டன் டிவிடிகளில் பல, 'பால்' (PAL) என்ற டிவி முறையில் வருபவை. விநாடிக்கு 24 ஃபிரேம் படத்தை 25 ஃபிரேமாக ஓட்டுவதால் நேரம் 4 சதவீதம் குறையும். 120 நிமிடப் படம் 115 நிமிடத்தில் முடியும். ஒரு காட்சியும் போயிருக்காது. 'ஈ.டி.'யில் இது சரியான பொறி. 1982 பிரதியின் நீளம் சுமார் 115 நிமிடம், 2002 பிரதி சுமார் 120. பால் தட்டின் அட்டையில் 115 என்று பார்த்துவிட்டு ஒரிஜினல் என்று ஏமாறலாம். ப்ளூரேயில் படம் 24 ஃபிரேமிலேயே ஓடுவதால் நேரத்தை நம்பலாம். எதிர்ப்பக்கமும் உண்டு: ஒரு விநாடிகூட வெட்டாமல் படத்தைக் கெடுக்கலாம். ஜேம்ஸ் கேமரூனின் 'ஏலியன்ஸ்', 'ட்ரூ லைஸ்' 2024-ல் 4கே தட்டுகளாக வந்தபோது, ஃபிலிமில் இயல்பாகவே இருக்கும் பொடிப் புள்ளிகளை (கிரெய்ன்) துடைத்த கையோடு முகங்களின் தோலையும் துடைத்துவிட்டார்கள். எல்லோரும் மெழுகுபொம்மை. அட்டையில் ஓடும் நேரம் மட்டும் சரியாக இருக்கும்.

எதை வாங்குவது என்று கேட்டால் என் வரிசை இது. 'பிளேட் ரன்னர்' ஐந்து பிரதிப் பெட்டி கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். 'ஈ.டி.'க்கு 2012 ப்ளூரே. 'பிரெஞ்சு கனெக்‌ஷன்' 2012 தட்டு; ஸ்ட்ரீமிங்கில் பார்த்தால் அந்தக் காவல் நிலையக் காட்சியை மட்டும் கவனியுங்கள். 'ஸ்டார் வார்ஸ்' பெட்டி எதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஐம்பதாம் ஆண்டையொட்டி 2027-ல் 1977 பிரதியைத் தியேட்டருக்குக் கொண்டுவருவதாக அறிவிப்பு வந்திருக்கிறது. அது தட்டாக வரும் வரைக்கும், 2006 இணைப்புத் தட்டைப் போட்டுவிட்டு ரிமோட்டில் ஜூம் பட்டனை அழுத்திக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.