மூன்றாம் நாளா, ஐந்தாம் நாளா, தொடாமலே விடுவதா? கரு பயாப்சி ஓர் அலசல்

ஐவிஎஃப் (சோதனைக்குழாய்) சிகிச்சைக்குப் போகும் தம்பதியரிடம் இப்போது கூடுதலாக ஒரு கேள்வி வருகிறது: கருவைக் கருப்பையில் வைப்பதற்கு முன் அதிலிருந்து சில செல்களை எடுத்து (இதுதான் பயாப்சி) மரபணுச் சோதனை செய்துவிடலாமா? வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வியோடு வருகிறவர்களை இரண்டாகப் பிரிக்கலாம். சிலருக்கு நோயின் பெயரே தெரியும். முதல் குழந்தைக்குத் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் இருக்கும், அல்லது குடும்பத்தில் தசைச் சிதைவு நோய் இருக்கும். மற்றவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. வயது 38 ஆகியிருக்கும், அல்லது இரண்டு முறை கரு வைத்தும் தங்கியிருக்காது. இரு சாராருக்கும் லேசரும் நுண்ணோக்கியும் ஒன்றுதான், ஆனால் நான் சொல்லும் பதில் வேறு வேறு.

முதலில் செல்லை எங்கிருந்து எடுப்பது என்று பார்ப்போம். கருமுட்டை முதிரும்போது ஒன்றும், விந்தணு நுழைந்த பிறகு இன்னொன்றுமாக வெளியே தள்ளும் சிறு துணுக்குகளைச் சோதிப்பது ஒரு முறை. இவற்றைப் போலார் பாடி என்பார்கள். இவை எப்படியும் கழிந்துபோகிறவை என்பதால் கருவின் செல்லில் கை வைக்க வேண்டியதில்லை. ஆனால் இதில் தாயின் பங்கு மட்டுமே தெரியும், தந்தை வழி வருவது தெரியாது. அப்போது சட்டம் கருவைத் தொட விடாமல் இருந்த ஜெர்மனி, இத்தாலி போன்ற நாடுகளில்தான் இம்முறை வளர்ந்தது. 396 பெண்களிடம் நடந்து 2018இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், சோதித்த பிரிவிலும் சோதிக்காத பிரிவிலும் குழந்தை பெற்றவர்கள் 24 சதவீதம்தான். நம் ஊருக்கு இது தேவைப்படாது.

உண்மையான போட்டி கரு உருவான மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில்தான். மூன்றாம் நாள் கருவில் ஆறு முதல் எட்டு செல்கள் இருக்கும். மேலுறையில் லேசரால் துளையிட்டு ஒரு செல்லை உறிஞ்சி எடுத்தால், கருவின் ஆறிலோ எட்டிலோ ஒரு பங்கு போய்விடுகிறது. ஐந்தாம் அல்லது ஆறாம் நாளில் அதே கரு நூற்றுக்கும் மேற்பட்ட செல்கள் கொண்ட பிளாஸ்டோசிஸ்ட்டாகிவிடும். குழந்தையாகப் போகும் உள்திரளைத் தொடாமல், நஞ்சுக்கொடியாகப் போகும் வெளிச்சுவரிலிருந்து ஐந்து முதல் பத்து செல்களை எடுப்பார்கள். செல்கள் கூடுதலாகக் கிடைப்பதால் சோதனையும் தடுமாறாது.

இது கருவைப் பாதிக்கிறதா என்பதை அமெரிக்கக் குழு ஒன்று 2013இல் வெளியிட்ட ஆய்வில் அழகாகச் சோதித்தது. ஒரே பெண்ணின் இரண்டு கருக்களில் ஒன்றில் மட்டும் பயாப்சி செய்து, இரண்டையும் ஒன்றாக வைத்து, எது தங்கியது என்பதை டிஎன்ஏ கொண்டு கண்டுபிடித்தார்கள். மூன்றாம் நாளில் செல் எடுத்த கருக்களில் 30 சதவீதமும் எடுக்காதவற்றில் 50 சதவீதமும் தங்கின. ஐந்தாம் நாளில் எடுத்தவை 51, எடுக்காதவை 54. அது கணக்கில் கொள்ளும் வேறுபாடு அல்ல. இன்றைக்கும் மூன்றாம் நாளில் செல் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் காரணத்தைக் கேட்டுவிட்டுத்தான் சம்மதிக்க வேண்டும்.

ஐந்தாம் நாளுக்கும் விலை உண்டு. ஏறத்தாழ பாதிக் கருக்கள் அதுவரை வளர்வதில்லை. மூன்றாம் நாளில் இரண்டு கரு வைத்திருந்தவருக்கு ஐந்தாம் நாளில் ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். மிஞ்சியதையும் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் உறைய வைத்து, முடிவு வந்த பிறகு வேறொரு மாதவிடாய்ச் சுழற்சியில்தான் வைப்பார்கள். அதனால் செல் எடுக்கிறவரின் கைத்திறனோடு உறைய வைத்து உருக்கி எடுக்கிறவரின் திறனும் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கிறது. விளம்பரங்களில் லேசர் இடம்பெறும் அளவுக்கு இவர்கள் இடம்பெறுவதில்லை.

அடுத்த கேள்வி, நோய் எதுவும் இல்லாதவர் கருவின் குரோமோசோம் எண்ணிக்கையைச் சோதிக்கத்தான் வேண்டுமா என்பது. இங்கேதான் சதவீதங்கள் கண்ணைக் கட்டும். "ஒரு கரு மாற்றத்துக்கு இத்தனை சதவீத வெற்றி" என்று ஒரு மையம் சொன்னால், கருக்கள் சோதனையில் கழிந்து கரு மாற்றத்துக்கே, அதாவது கருவைக் கருப்பையில் வைப்பதற்கே, வராமல் போன பெண்கள் அந்தக் கணக்கில் இல்லை. தேறாத பிள்ளைகளைப் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கே அனுப்பாமல் நூறு சதவீதத் தேர்ச்சி காட்டும் பள்ளியின் கணக்கு இது. 661 பெண்களிடம் நடந்து 2019இல் வெளியான ஸ்டார் ஆய்வைப் பாருங்கள். 35 முதல் 40 வயதுக்காரர்களில், கரு மாற்றம் நடந்தவர்களை மட்டும் எண்ணினால் சோதித்தவர்களில் 51 சதவீதத்தினருக்கும் சோதிக்காதவர்களில் 37 சதவீதத்தினருக்கும் கர்ப்பம் தொடர்ந்தது. ஆய்வில் சேர்ந்த எல்லாரையும் எண்ணினால் அந்த வேறுபாடு நிற்கவில்லை. சீனாவில் 20 முதல் 37 வயதுள்ள 1,212 பெண்களிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வு இன்னும் தெளிவு: மொத்தத்தில் குழந்தை பெற்றவர்கள் சோதித்த பிரிவில் 77.2 சதவீதம், சோதிக்காத பிரிவில் 81.8. கருச்சிதைவு மட்டும் 12.6இலிருந்து 8.7 சதவீதமாகக் குறைந்தது.

சோதனை கெட்ட கருவை நல்ல கருவாக்காது. இருப்பதை வரிசைப்படுத்தும், அவ்வளவே. எனவே 30 வயதில் நல்ல கருக்கள் இருப்பவர் அந்தப் பணத்தை அடுத்த கரு மாற்றத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்பேன். 40 வயதுக்காரருக்குக் கதை வேறு. அந்த வயதில் பாதிக்கும் மேற்பட்ட கருக்களில் குரோமோசோம் எண்ணிக்கை தவறியிருக்கும். பிள்ளை பிறக்கும் வாய்ப்பு கூடாவிட்டாலும், வீணான கரு மாற்றமும் மூன்றாம் மாதக் கருச்சிதைவும் குறைவதே அவருக்குப் பெரிய ஆறுதல். வீட்டாருக்கு நல்ல சேதி சொல்லிவிட்டுப் பின்பு இல்லை என்று சொல்ல நேர்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

"கலப்புக் கரு", அதாவது சில செல்களில் குரோமோசோம் சரியாகவும் சிலவற்றில் தவறாகவும் உள்ள கரு, என்று முடிவு வந்தால் உடனே கைவிட வேண்டாம். வேறு நல்ல கரு இல்லாத 18 பெண்களுக்கு அத்தகைய கருவை வைத்ததில் ஆறு ஆரோக்கியமான குழந்தைகள் பிறந்ததாக 2015இல் ஒரு இத்தாலியக் குழு எழுதியது. செல்லே எடுக்காமல் கரு வளர்ந்த திரவத்திலுள்ள டிஎன்ஏவைச் சோதிக்கும் புதிய முறை கேட்க இனிக்கிறது. ஆனால் தாயின் செல்களிலிருந்து வந்த டிஎன்ஏ அதில் கலந்து குழப்பும். பயாப்சிக்கு மாற்றாக இதை இப்போது நம்ப முடியாது.

நோய் தெரிந்த குடும்பங்களுக்கு எனக்குத் தயக்கமே இல்லை: ஐந்தாம் நாள் பயாப்சிதான். தலசீமியாக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காட்பாடியில் ரயிலிறங்கி சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருகிற வட இந்தியக் குடும்பங்களை வேலூர்க்காரர்கள் தினமும் பார்க்கிறோம். அதை வெளியூர்க்காரர் நோய் என்று நினைத்துவிடக் கூடாது. அத்தை மகனையும் தாய்மாமனையும் கட்டிக்கொள்ளும் வழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை. கணவன் மனைவி இருவருமே ஒரே நோயின் குறையுள்ள மரபணுவைத் தாங்கியிருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. 2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டமும் மரபுவழி அல்லது மரபணு நோய்களைக் கண்டறியத்தான் இச்சோதனையை அனுமதிக்கிறது. ஆணா பெண்ணா என்று பார்த்துப் பொறுக்கினால் குற்றம்.

கரு தங்கிய பிறகும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. எடுத்தது சில செல்கள், அதுவும் நஞ்சுக்கொடிப் பகுதியிலிருந்து. அவ்வளவு சிறிய அளவு டிஎன்ஏவில் மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று சோதனையில் விடுபட்டுப் போவதுண்டு. அதனால் 11 முதல் 13 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுவிலோ, 16ஆவது வாரம் அளவில் பனிக்குட நீரிலோ மறுபடி உறுதி செய்துகொள்ளச் சொல்வார்கள். "தங்கினதே பெரிது, மறுபடியும் ஊசியா?" என்று மாமியார் முகம் சுளிக்கலாம். சுளித்தாலும் அதைச் செய்துகொள்வதே நல்லது.