அரையாண்டு விடுமுறைக்கு ஒரு நாள்: திருச்சி கோளரங்கமா, தஞ்சாவூர் திமிங்கலமா?

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடம் அடைத்ததும் கும்பகோணம், பாபநாசம், மாயவரம் பக்கம் பாதி வீடுகளில் இந்தப் பேச்சு கிளம்பிவிடும்: பிள்ளைகளை ஒருநாள் எங்கே கூட்டிப்போவது? கோயிலுக்கு இங்கே பஞ்சமில்லை. நவக்கிரகத் தலம் ஒன்பதையும் ஒரே நாளில் சுற்றிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கிரகமெல்லாம் நிஜத்தில் எங்கே இருக்கிறது, எப்படிச் சுற்றுகிறது என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், அதைக் காட்டக் கொஞ்சம் வெளியே போகத்தான் வேண்டும்.

டிசம்பர் கடைசி வாரம் இதற்குத் தோதான நேரம். அடைமழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், வெயிலும் உறைக்காது. சம்பா அறுப்புக்குத் தை பிறக்கவேண்டும் என்பதால் வயல்வேலை உள்ள வீட்டிலும் ஒரு நாளை ஒதுக்கிவிடலாம்.

டெல்டாக்காரர் முன்னால் இருக்கும் போட்டி உண்மையில் இரண்டே இடங்களுக்குள்தான். ஒன்று, திருச்சியில் புதுக்கோட்டை சாலையில் விமான நிலையம் பக்கம் இருக்கும் அண்ணா அறிவியல் மையக் கோளரங்கம். இன்னொன்று, தஞ்சாவூர் அரண்மனை. அரண்மனையை யாரும் அறிவியல் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் சேர்க்கிறேன், காரணம் கீழே வருகிறது. புதுச்சேரியும் கோடியக்கரையும் சிலருக்கு மட்டும் பொருந்தும். சென்னை கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கமும் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன, நல்ல இடம்தான். ஆனால் கும்பகோணத்திலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பினால் பிள்ளைகளுக்குப் பேருந்து ஜன்னல்தான் மிஞ்சும். அங்கே சித்தப்பா வீடு, அத்தை வீடு இருந்தால் அது வேறு கதை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் மூத்த பிள்ளைக்கு எட்டு வயது தாண்டியிருந்தால் திருச்சி. எல்லாமே அதற்குக் கீழே என்றால் தஞ்சாவூர். இரண்டையும் ஒரே நாளில் அடைக்கப் பார்ப்பவர்களுக்கு என் ஓட்டு கிடையாது.

திருச்சியில் முதலில் தெரிந்துகொள்ளவேண்டியது, கோளரங்கக் காட்சிகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி நடக்கும் என்பது. போய் இறங்கின நேரத்தில் ஆங்கிலக் காட்சி தொடங்கப்போகிறது என்றால், "சரி, இதையே பாத்துடலாம்" என்று உள்ளே போகாதீர்கள். இருட்டில் தலைக்குமேல் நட்சத்திரம் ஓடும்போது கூடவே வரும் விளக்கம்தான் பாதி விஷயம். அது புரியாவிட்டால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது ஏசி போட்ட தூக்கம். அன்றைய தமிழ்க் காட்சி எத்தனை மணிக்கு என்று முதல் நாளே போன் போட்டுக் கேட்டுவிட்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு வீட்டைவிட்டுக் கிளம்புங்கள். கும்பகோணத்திலிருந்து ரயிலில் ஏறக்குறைய இரண்டு, இரண்டரை மணி நேரம். ஜங்ஷனிலிருந்து டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ. ஏர்போர்ட் போகிற வழி என்பதால் விமானம் தாழப் பறந்து இறங்குவதையும் பார்க்கலாம். கோளரங்கத்தைவிட அதையே அதிக நாள் பேசிக்கொண்டிருக்கும் பையன்கள் உண்டு.

உள்ளே சாய்வு நாற்காலி, தலைக்குமேல் கவிழ்ந்த அரைக்கோளக் கூரை. விளக்கு மெல்ல மங்கி முழு இருட்டாகும் அந்த ஒரு நிமிடம் ரொம்ப முக்கியம். நாலு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளில் பாதி அங்கேதான் வீறிடும். ஒருவர் அழ ஆரம்பித்தால் பக்கத்து வரிசையில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். அதனால் கைக்குழந்தையோடு போகிறவர்கள் வாசலை ஒட்டிய இருக்கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும். அப்பாயிக்கு மட்டும் இங்கே ராஜ மரியாதை: படி ஏறவேண்டாம், நடக்கவேண்டாம், சாய்ந்துகொண்டு அண்ணாந்து பார்த்தால் போதும்.

பெரிய பிள்ளைகளுக்கு இங்கே ஒரு நல்ல கேள்வியைக் கையில் கொடுத்து அனுப்பலாம். சூரியனார்கோயில், திங்களூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு என்று நாம் சுற்றும் ஒன்பதில் எத்தனை, கோளரங்கக் கூரையில் கோளாக வருகிறது? செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி, இந்த ஐந்துதான். சூரியன் விண்மீன், நிலா துணைக்கோள். திருநாகேஸ்வரத்து ராகுவும் கீழப்பெரும்பள்ளத்துக் கேதுவும் பொருளே அல்ல: சூரியன் வானத்தில் போகும் பாதையை நிலாவின் பாதை வெட்டும் இரண்டு புள்ளிகள். சூரியனும் நிலாவும் அந்தப் புள்ளிகளை ஒட்டி வரும்போதுதான் கிரகணம் பிடிக்கும். பாம்பு விழுங்குகிறது என்ற கதைக்கும் கிரகணக் கணக்குக்கும் உள்ள உறவு இதுதான். இதை வீட்டில் வாயால் சொன்னால் ஏறாது. கூரையில் இரண்டு பாதையும் ஓடுவதைப் பார்த்துவிட்டு வந்தால் சொல்வது சுலபம்.

திருச்சிக்கு நான் அதிக மதிப்பெண் போடுவதற்கு இன்னொரு காரணம், அந்தக் காட்சி அன்று இரவு மொட்டைமாடியிலும் தொடரும் என்பது. டிசம்பர் கடைசியில் மேகம் இல்லாத இரவு, ஒன்பது மணிக்குமேல் அண்ணாந்தால் உச்சிக்குச் சற்று வடக்கே கொத்தாகத் தெரிவது கார்த்திகை. அதற்குக் கொஞ்சம் கிழக்கே ஆரஞ்சு நிறத்தில் ரோகிணி. இன்னும் கிழக்கே வேட்டைக்காரன் வடிவத்தின் தோளில் சிவப்பாக நிற்பது திருவாதிரை. அதன் ஒளி நம்மிடம் வந்து சேர 500 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மார்கழித் திருவாதிரைக்குக் களி சாப்பிட்டிருக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரில் மேலே ஒரு நட்சத்திரம் இருக்கிறது என்று பெரும்பாலும் யாரும் காட்டியிருக்கமாட்டார்கள். மே மாதம் போனால் இந்த மூன்றும் ராத்திரி ஒன்பது மணிக்குமேல் இப்படி உயரத்தில் கிடைக்காது. கோளரங்கத்துக்குப் பனிக்காலம்தான் சரி என்று நான் சொல்வது இதனால்தான்.

கோளரங்கத்தையும் வெளியே உள்ள அறிவியல் பூங்காவையும் பார்த்து முடித்தாலும் பகலில் நேரம் மிஞ்சும். அதற்கு ஜங்ஷன் பக்கத்து ரயில் அருங்காட்சியகம் பொருத்தம். நீராவி எஞ்சினைக் கிட்டத்தில் நின்று பார்க்கலாம். பொன்மலைப் பணிமனையில் ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சினே புதிதாகச் செய்திருக்கிறார்கள் என்று சொன்னால் பையன்களின் கண் இன்னும் விரியும். மலைக்கோட்டையை மட்டும் இந்த நாளில் சேர்க்காதீர்கள், கால் வலிதான் மிஞ்சும்.

தஞ்சாவூருக்கு வருவோம். இங்கே தூரம் பாதிக்கும் குறைவு, கும்பகோணத்திலிருந்து 40 கிலோமீட்டர்தான். காலைச் சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துக்கொண்டு நிதானமாகக் கிளம்பலாம். சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

அரண்மனையில் ஒரு திமிங்கலத்தின் எலும்புக்கூடு இருக்கிறது. தரங்கம்பாடிக் கரையில் 1955-இல் ஒதுங்கியது; நீளம் 92 அடி என்று சொல்கிறார்கள். சிற்பமும் ஓவியமும் பார்த்துச் சலித்துப்போன பிள்ளை இதன்முன் வந்ததும் நின்றுவிடும். விலா எலும்பு ஒன்றே அப்பா உயரத்தைத் தாண்டும். இங்கே அவசரப்படாமல், பிள்ளையை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அடியெடுத்து வைத்து நடக்கச் சொல்லுங்கள். மீனா, மிருகமா என்ற கேள்வி அதன் வாயிலிருந்தே வரும். குட்டி போட்டுப் பால் கொடுக்கும், மூச்சுவிட மேலே வரும் என்று அந்த இடத்தில் வைத்துச் சொன்னால் மறக்காது. ஆறு வயதுப் பிள்ளைக்கு, இருட்டில் ஓடும் சனிக்கோளைவிடக் கண்முன் கிடக்கும் எலும்பு பெரிய பாடம் என்பது என் எண்ணம்.

அடுத்தது சரஸ்வதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடம். 1798 முதல் 1832 வரை இருந்த இரண்டாம் சரபோஜிக்கு மருத்துவத்தில் தீராத பித்து. தன்வந்திரி மகால் என்று வைத்து மருந்து ஆராய்ந்தார். கண்நோய்க்காரர்களின் விவரத்தைக் கண்ணின் படத்தோடு எழுதிவைத்த குறிப்புகள் இந்த நூலகத்தின் சேகரிப்பில் உண்டு. காட்சிக்கூடத்தில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பது வேறொன்றைப் பார்த்து: மனித முகத்தையும் மிருக முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரைந்த பழைய ஐரோப்பியப் படங்கள். ஆந்தை முகத்து மனிதன் யாரைப்போல இருக்கிறான் என்று மாமா பெயர் ஒன்று வராமல் இருக்காது. முகத்தைப் பார்த்துக் குணம் சொல்லலாம் என்பதை அறிவியல் எப்போதோ கைவிட்டுவிட்டது என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

குறைகளும் உண்டு. வளாகத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி டிக்கெட். ஆறு பேர் குடும்பம் என்றால் நுழைவிடம்தோறும் பர்ஸைத் திறக்கவேண்டும். பொத்தானை அழுத்தினால் ஏதாவது ஓடும், சுழலும் என்பது போன்ற சமாச்சாரம் எதுவும் இல்லை. கோபுரத்துப் படிகள் முழங்கால் வலிக்காரருக்கு ஆகாது. அப்பாயியை முற்றத்து நிழலில் யாராவது ஒருவர் துணையோடு உட்காரவைக்கவேண்டிவரும்.

தஞ்சாவூரின் ரகசிய ஆயுதம் பெரிய கோயில். விமான நிழல் தரையில் விழாது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறோம், அதைச் சோதித்துப் பார்க்க டிசம்பரைவிட நல்ல மாதம் கிடையாது. அந்த நேரத்தில் தஞ்சாவூரில் உச்சிவேளை 12 மணி அடித்துக் கால் மணி நேரம் கழித்து வருகிறது. அப்போது சூரியன் தலைக்கு நேர்மேலே இருந்து 34 டிகிரி தெற்கே தள்ளி நிற்கும். 216 அடி விமானத்துக்குக் கணக்குப் போட்டால் நிழல் ஏறத்தாழ 145 அடி. அதில் ஒரு பகுதியை விமானத்தின் அகன்ற அடித்தளமே வாங்கிக்கொள்ளும், மிச்சம் வடக்கே சண்டிகேசுவரர் சன்னதிப் பக்கம் தரையில் கிடக்கும். ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும் ஓரிரு நாள் நண்பகலில் மட்டும் நிழல் அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிப்போகும். நடை சாத்துவதற்குள் போய்விடவேண்டும், அவ்வளவுதான். கல்தரை மே மாதம் மாதிரி காலைச் சுடாது. பத்து வயதுப் பிள்ளையிடம் ஒரு டேப்பைக் கொடுத்துத் தன் நிழலை அளக்கவைத்தால் விமானக் கணக்கைத் தானே போட்டுவிடும். அரண்மனையும் இதுவும் சேர்ந்தால்தான் தஞ்சாவூர் திருச்சிக்கு ஈடுகொடுக்கிறது.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் அப்துல் கலாம் பெயரில் அறிவியல் மையமும் கோளரங்கமும் உண்டு. சீர்காழி, சிதம்பரம் ஆட்களுக்குத் திருச்சியைவிட அதுவே பக்கம். கடற்கரையும் கூடக் கிடைக்கும். கும்பகோணத்துக்கு மேற்கே இருப்பவர்கள் இதை யோசிக்கவே வேண்டாம்.

கோடியக்கரை அருங்காட்சியகம் இல்லைதான். ஆனால் குளிர்காலத்தில் மட்டுமே சொல்லவேண்டிய பெயர் அது. பூநாரையும் உள்ளான்களும் வந்து இறங்கும் சதுப்பு, புல்வெளியில் வெளிமான். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிக்காரர்களுக்கு எளிது. விடியற்காலையிலேயே அங்கே இருக்கவேண்டும், பைனாகுலர் வேண்டும், சாப்பாட்டைக் கையோடு கட்டிக்கொண்டு போகவேண்டும். புளியோதரையும் தயிர்சாதமும் போதும். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்தால் முதலில் கைவிடவேண்டிய இடமும் இதுதான். அந்த மாதிரி நாளுக்குக் கூரைக்கு அடியில் உட்காரவைக்கும் திருச்சியே பாதுகாப்பு.

காரில் திருச்சி போகிறவர்களுக்கு ஒரு சில்லறை லாபம்: திரும்பும்போது கல்லணை வழியாக வரலாம். மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள் என்பதால் டிசம்பரில் ஆற்றில் தண்ணீர் இருக்கும். மணலில் பாறையைப் போட்டு, அது புதையப் புதைய மேலே அடுக்கிக்கொண்டே போன அடித்தளம் அது. காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிவதைப் பாலத்தில் நின்றே காட்டிவிடலாம். டிக்கெட் இல்லாத நல்ல காட்சிக்கூடம்.

கடைசியாக நாள் விஷயம். சரஸ்வதி மகாலுக்குப் புதன்கிழமை விடுமுறை. திருச்சிக்குத் திங்கள்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் அன்றுதான் பூட்டிக்கிடக்கும். ஜனவரியில் வார நாட்களில் பள்ளிக்கூடச் சுற்றுலா வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும், அரையாண்டு விடுமுறையில் அந்தத் தொல்லை இல்லை. ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி எந்தத் தேதி என்று காலண்டரைப் பார்த்துவிட்டே திருச்சிக்கு நாள் குறியுங்கள். காணும் பொங்கலன்று கல்லணையை நினைக்கவே வேண்டாம், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.